பவுண்டுக்கு மூணு பென்னி: தனக்கான டாக்டரைத் தானே வேலைக்கு வைத்த ஒரு சுரங்க ஊர்

  

முதல்ல ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். உங்க போன மாசச் சாலரி ஸ்லிப்பைத் திறந்து, வலது பக்கம் 'பிடித்தம்' இருக்கிற பகுதியைப் பாருங்க. பிஎஃப், தொழில் வரி, வருமான வரி எல்லாம் இருக்கும். சிலருக்கு இஎஸ்ஐ என்று ஒரு வரி இருக்கும். இன்னும் சிலருக்கு அப்பா அம்மாவை குரூப் இன்ஷூரன்ஸில் சேர்த்ததற்கு ஒரு தொகை பிடித்திருப்பார்கள். இப்போ கேள்வி. உடம்பு சரியில்லாமல் போனால் உதவும் என்று சொல்லிப் பிடிக்கிற அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும், எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, எதற்கு உண்டு எதற்கு இல்லை என்று முடிவு செய்வது யார்? அந்த முடிவில் உங்களுக்கு ஓட்டு இருக்கா?

இந்தக் கேள்வியை நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாடியே கேட்டு, பதிலையும் தானே கட்டிக்கொண்ட ஒரு சின்ன ஊர் இருக்கு. இன்றைக்கு அந்த ஊரின் கதை. பேரு ட்ரெடீகர். பிரிட்டனில், வேல்ஸ் நாட்டின் தெற்கே, சர்ஹோவி என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கு. நம்ம பக்கத்து ஒரு தாலுகா டவுன் அளவுதான். ஆனால் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தருகிற என்ஹெச்எஸ் என்ற பெரிய அமைப்புக்கு முன்மாதிரி என்று சொல்லப்படுவது இந்த ஊர்தான்.

கம்பெனிதான் ஊர், ஊர்தான் கம்பெனி

1800-ஆம் ஆண்டில் சாமுவேல் ஹோம்ஃப்ரே என்ற இரும்பாலை முதலாளியும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இரும்பாலை தொடங்கினார்கள். மலையில் இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். நிலம் மார்கன் என்ற பெரிய ஜமீன் குடும்பத்துடையது. அவர்களுடைய மாளிகையின் பெயர்தான் ஊருக்கும் வந்தது.

ஆலை வந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்கு வீடு வேணும். கம்பெனி வரிசையாக வீடு கட்டியது. ஆனால் வீடு கட்டுகிற வேகத்தில் சாக்கடையும் குடிதண்ணீரும் வரவில்லை. நம்ம ஊர்களில் ஐடி பார்க் வந்த பிறகு பக்கத்து ஏரியாவில் என்ன நடக்குதுன்னு பார்த்திருக்கீங்க இல்லையா? அப்பார்ட்மென்ட் வரும், அடுத்து தண்ணி லாரி வரும், கழிவுநீர்க் குழாய் மட்டும் பத்து வருஷம் கழிச்சு வரும். அதே கதைதான். அங்கே அதற்கு விலையாக உயிரைக் கொடுத்தார்கள்.

1832-ல் காலரா வந்தது. 1849-ல் திரும்ப வந்தது. ஊருக்கு மேலே மேட்டு நிலத்தில் கெவன் கோலை என்ற இடத்தில் ஒரு காலரா இடுகாடு இன்னமும் இருக்கு. நோய் பரவிவிடும் என்ற பயத்தில், காலராவில் இறந்தவர்களை ஊருக்குள் இருந்த தேவாலய இடுகாட்டில் புதைக்கவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத அந்த மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். நிற்கிற கல்லறைக் கற்களில் 1849 ஆகஸ்ட், செப்டம்பர் என்று வரிசையாகத் தேதிகள். காலரா அசுத்தத் தண்ணீரால் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ லண்டனில் ஒரு தெருக் குழாயை வைத்துக் காட்டியது 1854-ல். அதற்கு முன்னாடி செத்தவர்களுக்குத் தாங்கள் எதனால் சாகிறோம் என்பதே தெரியாது.

1858-ல் ஊர் நடுவில் வார்ப்பிரும்பில் ஒரு மணிக்கூண்டு நிறுத்தினார்கள். சுமார் 72 அடி உயரம், இன்றைக்கும் ஊரின் அடையாளம் அதுதான். இரும்பால் செழித்த ஊர் இரும்பாலேயே தன்னை அலங்கரித்துக்கொண்டது. ஆனால் அந்த இரும்பை உருக்கியவனுக்குக் கை நசுங்கினால் என்ன வழி?

டாக்டர் யாருடைய ஆள்?

அந்தக் காலத்தில் தென் வேல்ஸின் இரும்பு ஊர்களிலும் சுரங்க ஊர்களிலும் ஒரு ஏற்பாடு இருந்தது. கம்பெனி ஒரு டாக்டரை வைக்கும். அவருக்கான பணத்தைத் தொழிலாளிகளின் கூலியிலிருந்து பிடிக்கும். அந்தந்தக் கூலிக்கு ஏற்ப, பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று பிடித்தம்.

பணம் தொழிலாளியுடையது. டாக்டரைத் தேர்ந்தெடுப்பது கம்பெனி. இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க, சிக்கல் எங்கே என்று உடனே தெரியும். சுரங்கத்தில் ஒருவருக்குக் கால் உடைகிறது. இது வேலையில் பட்ட காயமா, எத்தனை நாள் ஓய்வு வேணும், திரும்ப அதே வேலையைச் செய்ய முடியுமா என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் டாக்டர். அந்த டாக்டரின் வேலை யார் கையில்? முதலாளியின் கையில். மருந்துக்கு எவ்வளவு செலவு பண்ணுகிறார், மிச்சம் எவ்வளவு வைத்துக்கொள்கிறார் என்று கேட்கவும் பணம் கொடுத்தவனுக்கு உரிமை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பள்ளத்தாக்குகள் முழுக்க இதற்கு எதிராகச் சண்டை நடந்தது. தொழிலாளிகள் கேட்டது இலவசம் இல்லை, சலுகை இல்லை. "எங்க காசு, நாங்களே டாக்டரை வெச்சுக்கிறோம்." அவ்வளவுதான். 1890-ல் ட்ரெடீகர் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் உருவானது.

மூணு பென்னி எப்படி வேலை செய்தது

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எளிய கணக்குதான்.

பழைய பிரிட்டிஷ் நாணய முறையில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. சங்கத்தின் சந்தா, சம்பாதிக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் மூணு பென்னி. 240-ல் 3 என்றால் 1.25 சதவீதம். வாரம் 2 பவுண்டு சம்பாதிப்பவர் 6 பென்னி கொடுப்பார். 4 பவுண்டு சம்பாதிப்பவர் 12 பென்னி. இரண்டு பேருக்கும் கிடைக்கிற வைத்தியம் ஒன்றே.

இதை இன்றைக்கு நாம தனியாக வாங்குகிற ஹெல்த் பாலிசியோடு ஒப்பிட்டுப் பாருங்க. அங்கே பிரீமியம் எதை வைத்து ஏறுது? வயது ஏறினால் ஏறும். சர்க்கரை இருந்தால் ஏறும், இல்லைன்னா சில வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். அதாவது, யாருக்கு வைத்தியம் அதிகம் தேவையோ அவருக்குத்தான் விலையும் அதிகம். ட்ரெடீகரில் சந்தா உங்க உடம்பைப் பார்த்து ஏறவில்லை, உங்க வருமானத்தைப் பார்த்து ஏறியது. இது ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி, 'மாசா மாசம் பணம் கட்டு, நோய் வந்தால் நாங்க பாத்துக்கிறோம்' என்பது போலத் தெரியும். உள்ளே ஓடுகிற லாஜிக் முழுக்க வேறு.

இரண்டாவது விஷயம் நிர்வாகம். சங்கத்தை நடத்தியது தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த கமிட்டி. டாக்டரை நேர்முகத் தேர்வு செய்ததும், சம்பளம் பேசியதும், புகார் வந்தால் கூப்பிட்டு விசாரித்ததும் அவர்கள்தான். நிலக்கரி வெட்டுகிறவர்களும் உலையில் வேலை செய்கிறவர்களும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, யுனிவர்சிட்டியில் படித்த டாக்டரை இன்டர்வியூ செய்கிற காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. அந்தக் காலத்து இங்கிலாந்தின் வர்க்க வித்தியாசம் தெரிந்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைகீழ் என்று புரியும்.

மூன்றாவது விஷயம் குடும்பம். 1911-ல் பிரிட்டன் அரசே ஒரு தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் டாக்டர் வசதி சந்தா கட்டுகிற தொழிலாளிக்கு மட்டும். அவருடைய மனைவிக்கு இல்லை, குழந்தைகளுக்கு இல்லை. பிரசவத்திலும் நெஞ்சுச் சளியிலும் செத்துக்கொண்டிருந்தது யாரு? அவங்கதான். ட்ரெடீகர் சங்கம் வீட்டில் இருந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. சுரங்கத்தில் வேலை செய்யாத ஊர்க்காரர்களும் தனிச் சந்தா கட்டிச் சேரலாம் என்று ஆனது.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் அந்தச் சங்கத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்: ஐந்து டாக்டர்கள், ஒரு சர்ஜன், இரண்டு மருந்தாளுநர்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு பல் டாக்டர், வீடு வீடாகப் போகிற ஒரு நர்ஸ். மூக்குக் கண்ணாடி, பல் செட், செயற்கைக் கால் இதெல்லாமும் சங்கத்தின் வழியாகக் கிடைத்தன. ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியும் 1904-லிருந்து இருந்தது. அதற்கு நிலம் கொடுத்தது ஜமீன் குடும்பம், நடத்தப் பணம் கொடுத்தது கூலிக்காரர்கள். சங்கத்தின் உச்சத்தில் ஊரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதன் பாதுகாப்புக்குள் இருந்தார்கள்.

உள்ளே இருந்து பார்த்த ஒருவர்

இப்போ நீங்க கேட்கலாம், 'எல்லாம் இவ்வளவு அழகாவா நடந்தது?' இல்ல. அதையும் சொல்லணும்.

1921-ல் ஏ. ஜே. குரோனின் என்ற ஸ்காட்லாந்துக்கார இளம் டாக்டர் ட்ரெடீகருக்கு வேலைக்கு வந்தார். சில வருஷம் சங்கத்தின் டாக்டராக இருந்தார். பிறகு 1924-ல் சுரங்கங்களுக்கான மருத்துவ ஆய்வாளராக ஆகி, நிலக்கரித் தூசிக்கும் நுரையீரல் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அப்புறம் நாவலாசிரியர் ஆகிவிட்டார். 1937-ல் வந்த அவருடைய 'தி சிட்டாடல்' நாவலில் இந்த ஊர் வேறு பெயரில் வருது. இந்தி சினிமா ரசிகர்களுக்கு ஒரு தகவல்: 1971-ல் தேவ் ஆனந்த் நடித்து விஜய் ஆனந்த் இயக்கிய 'தேரே மேரே சப்னே' இந்த நாவலைத் தழுவியதுதான்.

அந்த நாவலில் குரோனின் சங்கத்தைப் பூப்போட்டுக் கும்பிடவில்லை. வேலைக்குப் போகாமல் இருக்க 'சிக்' சர்டிபிகேட் கேட்டு வந்து, கொடுக்கவில்லை என்றால் டாக்டரை மாற்றிக்கொள்கிற ஆட்களைக் காட்டுகிறார். ஜூனியர் டாக்டர்களின் சம்பளத்தில் பங்கு எடுத்துக்கொள்கிற தலைமை டாக்டரைக் காட்டுகிறார். தெரியாத விஷயத்தில் தலையிடுகிற கமிட்டி உறுப்பினர்களைக் காட்டுகிறார். நாவல்தான், ஆனால் உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒண்ணு. கம்பெனி டாக்டர் காலத்திலும் குறைகள் இருந்தன, சங்கத்தின் காலத்திலும் குறைகள் இருந்தன. வித்தியாசம் என்னவென்றால், சங்கத்தின் குறைகளை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க முடிந்தது. கமிட்டியைத் தேர்தலில் மாற்ற முடிந்தது. நம்ம மொழியில் சொல்லணும்னா, ரெண்டு சிஸ்டத்திலும் பக் இருந்தது. ஒரு சிஸ்டத்தில் மட்டும்தான் பயன்படுத்துகிறவர்களால் புகார் எழுதித் திருத்தவும் முடிந்தது.

திக்குவாய்ப் பையன்

இனி கதையின் முக்கிய ஆள் வருகிறார். அனைரின் பெவன். ஊரில் எல்லோருக்கும் 'நை'. 1897 நவம்பரில் ட்ரெடீகரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில், பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அவரும் சுரங்கத்துக்குள் இறங்கினார். பேச்சு திக்கும்.

படிப்பு எங்கே கிடைத்தது? தொழிலாளர் மன்றத்தின் நூலகத்தில். அந்த நூலகமும் கூலியிலிருந்து பிடித்த சில்லறையில் கட்டியதுதான். டாக்டர், புத்தகம், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அந்த ஊர் கண்டுபிடித்த ஒரே வழி, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒன்றாக வைத்துக்கொள்வது. திக்குவாயோடு கூட்டங்களில் பேசிப் பேசியே பிரிட்டனின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர் ஆனார் பெவன்.

1922-ல் ஊரின் நகர சபை உறுப்பினர் ஆனார். மருத்துவ சங்கத்தின் ஆஸ்பத்திரிக் கமிட்டியிலும் உட்கார்ந்தார். 1925-ல் அவருடைய அப்பா நுரையீரலில் நிலக்கரித் தூசி அடைத்து, மகனின் கையிலேயே இறந்துபோனார். அந்த நோய் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் அப்போது இல்லை. அதனால் குடும்பத்துக்கு ஒரு காசு கூட வரவில்லை. 1929-ல் பெவன் பார்லிமென்டுக்குப் போனார். 1945-ல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தபோது சுகாதார அமைச்சர்.

ஊரிலிருந்து நாட்டுக்கு

நாடு முழுக்க ட்ரெடீகரைப் போலச் செய்யப் போகிறோம் என்று பெவனே வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் அவர் செய்தது ட்ரெடீகரின் ஜெராக்ஸ் காப்பி இல்லை. இங்கேதான் எனக்கு இந்தக் கதை ரொம்பச் சுவாரசியமாகிறது.

அமைச்சரவைக்குள்ளேயே ஒரு பெரிய வாதம் நடந்தது. ஹெர்பர்ட் மாரிசன் என்ற மூத்த அமைச்சர் லண்டன் மாநகர நிர்வாகத்தில் இருந்து வந்தவர். ஆஸ்பத்திரிகளை உள்ளாட்சிகளின் கையிலேயே விடணும், ஊர் மக்களுக்குப் பக்கத்தில் இருக்கணும் என்பது அவருடைய பக்கம். பெவன், எல்லா ஆஸ்பத்திரிகளையும் தேசியமயமாக்கணும் என்றார். ஊர்ச் சங்கத்தில் வளர்ந்த மனுஷன் ஏன் மத்தியக் கட்டுப்பாட்டைக் கேட்டார்?

காரணம் கணக்கில் இருக்கு. மூணு பென்னித் திட்டம் ஓடணும்னா கூலி வந்துகொண்டே இருக்கணும். சுரங்கம் மூடினால், கூலி நின்றால், சந்தாவும் நிற்கும். ஆனால் வேலை போன ஊரில்தான் நோய் அதிகமாகும். 1920-களிலும் 30-களிலும் வேலையில்லாத் திண்டாட்டம் தென் வேல்ஸை எப்படி உலுக்கியது என்று பெவன் நேரில் பார்த்தவர். பணக்கார நகராட்சிக்கு நல்ல ஆஸ்பத்திரி, ஏழை ஊருக்கு ஒன்றுமில்லாத ஆஸ்பத்திரி என்று ஆகாமல் இருக்க வழி என்ன? பொதுப்பணத் தொட்டியை ஒரு ஊரின் அளவிலிருந்து நாட்டின் அளவுக்குப் பெரிதாக்குவது. ஒரு பள்ளத்தாக்கு காய்ந்தாலும் தொட்டி வற்றாது. அதனால்தான் புதிய அமைப்புக்குப் பெரும்பகுதிப் பணம் பொது வரியிலிருந்து வந்தது.

வாதத்தில் பெவன் ஜெயித்தார். 1946-ல் சட்டம் நிறைவேறியது. டாக்டர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது, 1948 பிப்ரவரியில் நடத்திய வாக்கெடுப்பில் பெரும்பாலான டாக்டர்கள் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டார்கள். பெவன் விட்டுக்கொடுத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தார்: பெரிய ஸ்பெஷலிஸ்டுகள் தனியாகவும் பிராக்டிஸ் செய்யலாம், குடும்ப டாக்டர்கள் அரசு ஊழியர்களாக ஆக வேண்டாம், ஒப்பந்த முறையில் இருக்கலாம். 1948 ஜூலை 5, என்ஹெச்எஸ் தொடங்கியது. அன்றைக்குக் காலையிலிருந்து டாக்டரைப் பார்க்கப் பையில் காசு தேவையில்லை.

ஆனால் ஒன்று இழந்தார்கள். ட்ரெடீகரில் உங்க டாக்டரை வேலைக்கு வைத்த கமிட்டிக்காரர் உங்க பக்கத்து வீட்டுக்காரர். டீ குடிக்கும்போது சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். 1948-க்குப் பிறகு பொறுப்பு லண்டனில் இருக்கிற அமைச்சருக்கு. தொட்டி பெரிசாச்சு, பைப்பைத் திருகும் கை தூரமாப் போச்சு. ரெண்டும் ஒன்றாகக் கிடைக்க ஒரு வழியை யாரும் இன்னும் முழுசாகக் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோணுது.

பிறகு என்ன ஆச்சு?

மூன்றே வருஷத்தில் முதல் விரிசல். 1951 பட்ஜெட்டில், பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் மக்கள் ஒரு பங்கு பணம் கட்டணும் என்று லேபர் அரசே முடிவு செய்தது. அதை எதிர்த்து பெவன் அமைச்சரவையிலிருந்து ராஜினாமா செய்தார். 'ஒரு கண்ணாடிக்காகவா ராஜினாமா?' என்று கேட்டால், ட்ரெடீகரில் சங்கம் கொடுத்த பொருட்களின் பட்டியலை ஞாபகப்படுத்திக்கோங்க. அடுத்த வருஷமே மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் வந்தது. வேல்ஸ் அந்தக் கட்டணத்தை 2007 ஏப்ரலில் முழுதாக எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் இன்றும் பலர் கட்டுகிறார்கள்.

இலவசம் ஆக்கிவிட்டால் மட்டும் போதாது என்பதைச் சொன்னதும் ஒரு தென் வேல்ஸ் டாக்டர்தான். க்ளின்கொர்ரக் என்ற சுரங்கக் கிராமத்தில் வேலை செய்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-ல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எங்கே நல்ல வைத்தியம் அதிகம் தேவையோ அங்கே அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கைக்கு எவ்வளவு விடுகிறோமோ அவ்வளவு மோசமாகிறது என்பது அதன் சாரம். இன்றைக்கும் மருத்துவப் படிப்பில் மேற்கோள் காட்டுகிற கட்டுரை அது.

ட்ரெடீகர் ஆஸ்பத்திரி? 2010-ல் மூடப்பட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கில், எப்பூ வேல் என்ற ஊரில், மூடிக் கிடந்த ஸ்டீல் ஆலையின் இடத்தில் அதே வருஷம் புது ஆஸ்பத்திரி திறந்தார்கள். அதற்குப் பெயர் அனைரின் பெவன் ஆஸ்பத்திரி. அவருடைய பெயர் இருக்கு, அவருடைய ஊர் ஆஸ்பத்திரி இல்லை.

நம்ம சாலரி ஸ்லிப்புக்கு வருவோம்

இப்போ நம்ம விஷயம். என்ஹெச்எஸ் தொடங்கிய அதே 1948-ல், அதற்கு மூன்று மாசம் முன்னாடி, ஏப்ரலில் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம். நாம இஎஸ்ஐ என்று சொல்வது. புதுசா சுதந்திரம் வாங்கின நாடு கொண்டுவந்த முதல் பெரிய சமூகப் பாதுகாப்புச் சட்டங்களில் ஒண்ணு.

அதன் எலும்புக்கூட்டைப் பாருங்க. சந்தா சம்பளத்தின் விகிதத்தில், உடம்பைப் பார்த்து இல்லை. குடும்பமும் சேர்த்தி. 2019 ஜூலையில் குறைத்த விகிதப்படி தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்க பங்கு 150, கம்பெனியின் பங்கு 650. ட்ரெடீகர் விகிதத்தில் பிடித்திருந்தால் 250 ரூபாய் உங்க பாக்கெட்டிலிருந்தே போயிருக்கும். ஆக, நம்ம ஊரில் ஸ்விக்கி பார்ட்னர் இல்லாத, பேக்டரியிலும் கடையிலும் சின்ன ஆபீஸிலும் வேலை செய்கிற லட்சக்கணக்கானவர்களிடம் இருப்பது மூணு பென்னித் திட்டத்தின் ஒன்றுவிட்ட தம்பிதான்.

ஆனால் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், வழக்கமாக நீங்க இதற்கு வெளியே. ட்ரெடீகரில் நாலு பவுண்டு சம்பாதித்தவரும் அதே தொட்டியில் இருந்தார், அவருடைய 12 பென்னிதான் தொட்டியை நிரப்பியது. இங்கே அதிகம் சம்பாதிக்கிறவங்க எல்லோரும் வெளியே போயாச்சு. நாம குரூப் இன்ஷூரன்ஸுக்கு வந்துட்டோம். வெளியே போனவர்களுக்கு இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கா, டாக்டர் வந்தாரா என்பது பற்றிக் கவலை இல்லை. சத்தமாகக் கேள்வி கேட்கிற பழக்கம் உள்ள ஆட்கள் வரிசையில் இல்லாத இடத்தில் வரிசை நீளும். இது என் கருத்து, நீங்க மறுக்கலாம்.

சரி, நம்ம குரூப் இன்ஷூரன்ஸ் எப்படி? அது கம்பெனி டாக்டர் காலத்தை ஞாபகப்படுத்துதா இல்லையா? பாலிசியைத் தேர்ந்தெடுப்பது கம்பெனி. என்ன சேரும், என்ன சேராது என்று பேசுவது ஹெச்ஆரும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டும். வேலை இருக்கிற வரை அட்டை வேலை செய்யும். லேஆஃப் மெயில் வந்தால், சம்பளத்தோடு சேர்ந்து அதுவும் போகும். மன அழுத்தத்தில் பிபி ஏறுகிற அதே மாசத்தில் காப்பீடு இல்லாமல் போகும். சந்தாவை வேலையோடு கட்டினால் வரும் இந்த ஆபத்தைத்தான் பெவன் ட்ரெடீகரில் பார்த்தார்.

நம்ம ஊரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, அங்கே காசு இல்லாமல் வைத்தியம் கிடைக்குது. பொது வரியில் ஓடுகிற பெரிய தொட்டி நமக்கும் இருக்கு என்பதை மறக்கக் கூடாது. அதையும் நம்ம அப்பா அம்மா தலைமுறையை விட நாம குறைவாகத்தான் பயன்படுத்துறோம்.

கேட்டுவிட்டு என்ன செய்யலாம்?

மூணு வேலை சொல்றேன். மூணு பென்னிக்கு மூணு.

ஒண்ணு. உங்க கம்பெனி பாலிசியின் முழு ஆவணத்தை ஹெச்ஆரிடம் கேட்டு வாங்குங்க, அட்டையை மட்டும் வைத்துக்கொள்ளாதீங்க. ரூம் வாடகைக்கு வரம்பு எவ்வளவு, அப்பா அம்மாவுக்கு நாம எத்தனை சதவீதம் கட்டணும் என்ற ரெண்டு வரிகளைத் தேடிப் படிங்க. வேலையை விட்டால் அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கடைசி நாளுக்கு முன்னாடியே கேளுங்க.

ரெண்டு. உங்க வீட்டில், ஆபீஸில், அப்பார்ட்மென்ட்டில் வேலை செய்கிற யாராவது, செக்யூரிட்டி அண்ணனோ ஹவுஸ்கீப்பிங் அக்காவோ, கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆளாக இருந்தால், இஎஸ்ஐ அட்டை இருக்கா என்று விசாரிங்க. அவங்க சம்பளத்தில் பிடிக்கிறாங்க, ஆனா அட்டை கையில் இல்லை என்றால், அந்தக் கான்ட்ராக்டரிடம் அவங்களோட சேர்ந்து நீங்களும் கேளுங்க. ஒரு ஆள் கேட்பதற்கும் ஒரு அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கு.

மூணு. இதுதான் ட்ரெடீகர்க்காரர்களின் வேலை. உங்க டீமில் அஞ்சு பேர் சேர்ந்து, அடுத்த பாலிசி ரினியூவலுக்கு முன்னாடி எங்களையும் கேளுங்க என்று ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. இஎஸ்ஐ நிர்வாகத்திலேயே தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் இருக்கணும் என்று 1948 சட்டம் சொல்லியிருக்கு. நம்ம குரூப் பாலிசியில் அப்படி ஒரு நாற்காலியே இல்லை. போட்டுக் கேட்டால்தான் வரும்.

சுரங்கத்துக்குள்ள இறங்கி ஏறின, பள்ளிக்கூடம் முடிக்காத ஆட்கள் சாயங்காலம் முகம் கழுவிட்டு வந்து கமிட்டியில் உட்கார்ந்து, மருந்து பில்லைச் சரிபார்த்தாங்க. நம்மகிட்ட எக்செல் இருக்கு.

இந்த எபிசோடைக் கேட்டு யாராவது அந்த மெயிலைப் போட்டால், என்ன பதில் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் வேற ஒரு ஊர், வேற ஒரு கதையோட சந்திப்போம்.